அனுமோதனை: ஒரு சொல்லாராய்ச்சி

சென்ற மழைக்காலத்தில் முனிசங்கம் ஒன்று எங்கள் ஊர்ப்பக்கம் சாதுர்மாஸம் தங்கியிருந்தது. ஒரு நாள் காலை ஆகார வேளையில், தூய ஆடை உடுத்திக் கலசம் ஏந்தி வாயிலில் நின்ற தம்பதியர், முனிவரை எதிர்கொண்டு வலம் வந்து வணங்கி, மனசுத்தி, வசனசுத்தி, காயசுத்தி, ஆகாரசுத்தி கூறி உள்ளே அழைத்துச் சென்றனர். முழங்கால் வலியால் கீழே அமரவும் எழவும் இயலாத நான், கதவோரம் ஒரு முக்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அருகில் நின்ற அம்மையார் ஒருவர், "கொடுக்கும் பேறு நமக்கு இன்று வாய்க்கவில்லை, அனுமோதனையாவது செய்வோம்" என்று மெல்லிய குரலில் கூறினார். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி உடனே, "யார்மேல் மோத வேண்டும், பாட்டி?" என்று கேட்டுவிட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளை வெளியே அழைத்து வந்தேன். அதன் பொருளைச் சொன்னபின் அவள் கேட்ட அடுத்த வினாவே சிரிப்புக்கு இடந்தராதது. "நாம் ஒன்றும் கொடுக்கவில்லையே. பார்த்துச் சந்தோஷப்பட்டால் நமக்கு எப்படிப் புண்ணியம் வரும்?"

முப்பத்தெட்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் நான். அன்று அக்குழந்தைக்கு நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே அச்சொல்லை எடுத்துப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். அந்த ஆராய்ச்சியின் பயனையே சிராவக சிராவகியர் முன்பு இங்கு வைக்கிறேன்.

பேத்தியின் முதல் வினாவிலிருந்தே தொடங்குவோம். மோதுதல் என்பது தமிழ்ச்சொல். ஒன்று மற்றொன்றின்மீது தாக்குதலைக் குறிப்பது. அனுமோதனையில் உள்ள 'மோத' அதுவன்று. இது வடமொழியில் 'முத்' என்னும் வினையடியிலிருந்து வந்தது. அதன் பொருள் மகிழ்தல். அவ்வடியிலிருந்து கிளைத்த சொற்கள் நம் வீடுகளிலும் புழங்குகின்றன. உண்பாரை மகிழ்விப்பது என்னும் பொருளிலேயே மோதகம் அப்பெயர் பெற்றது. மகிழ்ச்சியையும் நறுமணத்தையும் ஒருங்கே குறிப்பது ஆமோதம். 'கு' என்னும் நிலத்தை மகிழ்விப்பதனால் குமுதம் என்று ஆம்பல் மலருக்குப் பெயர் வந்ததாக வடமொழி உரைகாரர் கூறுவர். ஆனால் ஓசையை மட்டும் நம்பிச் சொற்களை உறவாக்கிவிடலாகாது. வினோதம் என்னும் சொல்லையும் இக்குடும்பத்தில் சேர்க்கத் தோன்றும். அது 'நுத்' என்னும் வேறு அடியிலிருந்து வந்தது. தள்ளுதல், போக்குதல் என்பது அதன் பொருள். சோர்வைப் போக்குவதால் அது வினோதம்.

இனி முன்னொட்டைப் பார்ப்போம். 'அனு' என்பதற்குப் பின்னே, உடன், தொடர்ந்து என்பன பொருள். பழைய அச்சு நூல்களில் இதனை 'அநு' என்று தந்நகரமிட்டு எழுதியிருப்பர், இரண்டும் ஒன்றே. டண்ணகரமிட்ட 'அணு' மட்டும் வேறு. இதில் நம்மவர் பலர் இடறுவதைக் கண்டிருக்கிறேன். அணுவிரதம் என்பதில் உள்ளது சிறியது என்னும் பொருள்தரும் அணு. முனிவரின் மகாவிரதத்தை நோக்க இல்லறத்தாரின் விரதம் சிறிது என்பதால் அப்பெயர். பன்னிரண்டு அனுப்பிரேக்ஷை என்பதில் உள்ளதோ அனு. ஒன்றைத் தொடர்ந்து தொடர்ந்து நோக்குதல் என்பது அதன் கருத்து. அழைப்பிதழ்களிலும் ஆண்டு மலர்களிலும் 'அனுவிரதம்' என்று அச்சாகியிருப்பதைக் காணுந்தோறும் என் கை தானாகவே சிவப்பு மையைத் தேடுகிறது.

எனவே அனுமோதனை என்பது, ஒருவர் செய்யும் செயலைத் தொடர்ந்து, அவரோடு உடன் நின்று மகிழ்தலாகும். இதனை நன்கு உணர்வதற்கு அனுதாபம் என்னும் சொல்லை அருகில் வைத்துப் பார்க்கலாம். தாபம் என்றால் வெப்பம். வடமொழியில் அனுதாபம் என்பது செய்தபின் உள்ளம் வேதல், அதாவது கழிவிரக்கம் என்றே பெரிதும் வழங்கும். தமிழில் அது பிறர் வேகும்போது உடன் வேதல் என்று பொருள் விரிந்தது. உடன் வேதலுக்கு நம்மிடம் அன்றாடச் சொல் இருக்கிறது. இறப்பு நேர்ந்த வீட்டுக்கு அனுதாபம் சொல்லச் செல்கிறோம். உடன் மகிழ்தலுக்கு உரிய சொல்லோ ஆலயத்தின் மதிலைத் தாண்டி வெளியே வரவில்லை. பிறர் துன்பத்தில் உடன் வருந்துதலினும் பிறர் உயர்வில் உடன் மகிழ்தல் அரிது என்பதாலோ என்னவோ, அச்சொல் அருகியே வழங்குகிறது.

இச்சொல்லின் உடன்பிறப்பு ஒன்று மட்டும் வெளியே சென்று வேறு தொழில் பார்த்தது. 'ஆமோதித்தல்' என்று கூட்டங்களில் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் தீர்மானம் கொண்டுவர, மற்றொருவர் எழுந்து "ஆமோதிக்கிறேன்" என்பார். மகிழ்ச்சி, நறுமணம் என்று பொருள்பட்ட சொல் இவ்வாறு கூட்டுறவுச் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் வந்து அமர்ந்தது. அவ்வாறு ஆமோதிப்பவர் முகத்தில் மகிழ்ச்சியையோ மணத்தையோ நான் கண்டதில்லை. பெரும்பாலும் தேநீர் வருகிறதா என்று வாயிலைப் பார்த்துக்கொண்டே கையை உயர்த்துவார்கள். பின்னர்த் தமிழார்வலர் அதற்கு வழிமொழிதல் என்னும் சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தனர். 'வழி' என்பதற்குப் பின் என்ற பொருள் பழந்தமிழில் உண்டாதலால், அது 'அனு'வுக்கு நேரான சொல்லே. ஆயினும் அனுமோதனையில் தொடர்வது மகிழ்ச்சி. வழிமொழிதலில் தொடர்வது மொழி.

பௌத்தரும் இச்சொல்லை வழங்குகின்றனர். பாலி மொழியிலும் அது அனுமோதனாவே. பிறர் ஈட்டிய புண்ணியத்தைக் கண்டு மகிழ்தலைப் பத்து நற்செயல்களுள் ஒன்றாகத் தேரவாதியர் எண்ணுவர். நற்செயலைக் கண்டவிடத்து "சாது, சாது, சாது" என்று மும்முறை கூறும் வழக்கம் இலங்கையிலும் பர்மாவிலும் தாய்லாந்திலும் இன்றும் உள்ளது. தாய்லாந்து மக்கள் அன்றாடப் பேச்சிலேயே அனுமோதனை என்னும் சொல்லைத் தம் ஒலிப்பில் கூறுவர்.

இனி நம் ஆகமத்தில் இச்சொல் நிற்கும் இடத்தை நோக்குவோம். வினை ஆன்மாவில் வந்து சேரும் வாயில்களைக் கூறுமிடத்தில், உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் எட்டாம் சூத்திரத்தில் ஒரு கணக்கைத் தருகிறார். ஒரு செயலுக்கு மூன்று நிலைகள் உண்டு. செய்ய எண்ணுதல் ஸம்ரம்பம். அதற்கு வேண்டியவற்றைத் திரட்டுதல் ஸமாரம்பம். செய்யத் தொடங்குதல் ஆரம்பம். இவை மனம், மொழி, மெய் என்னும் மூன்று யோகங்களால் நிகழ்வன, ஆக ஒன்பது. அவ்வொன்பதையும் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படல் என்னும் மூன்றால் பெருக்க இருபத்தேழு. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களால் அதனைப் பெருக்க 108. நம் ஜபமாலையின் மணிகள் 108 ஆனதற்குப் பெரியோர் கூறும் காரணம் இதுவே. வகுப்பில் வாய்பாடு கற்பித்தவளுக்கு இக்கணக்கில் தனி விருப்பம் உண்டு. கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். 108 மணிகளில் 36 மணிகள் நாம் கையால் செய்தவற்றுக்கு உரியன. 36 பிறரை ஏவியவற்றுக்கு உரியன. எஞ்சிய 36 நாம் செய்யாமலும் ஏவாமலும் உடன்பட்டவற்றுக்கு உரியன. மாலையில் மூன்றில் ஒரு பங்கு!

இங்கு ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். சூத்திரத்தில் உமாஸ்வாமி வழங்கிய சொல் அனுமோதனை அன்று, அனுமதம். கிருதம், காரிதம், அனுமதம் என்று அவர் வரிசைப்படுத்துகிறார். அனுமதம் என்பது 'மன்' என்னும் அடியிலிருந்து வருவது. எண்ணுதல் என்பது அதன் பொருள். ஒருவர் எண்ணியதைத் தொடர்ந்து தானும் அவ்வாறே எண்ணுதல் அனுமதி. சம்மதம் என்பதும் அவ்வடியினதே, ஒருசேர எண்ணுதல். (அனுமானம் என்பதை இதனோடு சேர்க்க வேண்டா, அது அளத்தல் என்னும் பொருளுடைய 'மா' என்னும் அடியிலிருந்து வந்தது.) பிற்கால நூல்களும் நம் பேச்சு வழக்கும் அனுமதத்தின் இடத்தில் அனுமோதனையையே பெரிதும் வைத்துவிட்டன. இரண்டும் ஒன்றுபோல் வழங்கினும் அடிச்சொற்கள் வேறு. அனுமதத்துக்குக் கருத்து ஒத்திருந்தால் போதும். அனுமோதனைக்கு உள்ளம் மகிழ வேண்டும். பாவத்தைப் பொறுத்தவரை, மகிழ்ச்சி இல்லாத வெறும் உடன்பாடே கணக்கில் ஏறிவிடுகிறது என்பதைச் சூத்திரம் 'அனுமதம்' என்று கூறியதிலிருந்து நான் அறிந்துகொண்டேன். புண்ணியத்தைப் பொறுத்தவரை, தலையசைப்பு மட்டும் போதாது. மகிழ்ச்சியும் வேண்டும் போலும். இவ்விரண்டாம் பகுதி என் கருத்து. அறிஞர்கள் திருத்தினால் ஏற்பேன்.

நாம் பிரதிக்கிரமணத்தில் ஓதும் பிராகிருதப் பாடத்தில் 'சமணுமண்ணிதோ' என்று ஒரு சொல் வருவதை அறிவீர்கள். செய்தேனோ, செய்வித்தேனோ என்பவற்றின்பின் மூன்றாவதாக வருவது அது. சம் என்பதும் அனு என்பதும் மன் என்னும் அடியோடு சேர்ந்து அவ்வாறு நின்றன. எட்டு வயதில் என் பாட்டியின் மடியில் அமர்ந்து அதனை மனப்பாடம் செய்தேன். ஓசை இனிமையாக இருந்ததால் உரக்கச் சொல்வேன். பொருள் தெரிய நெடுங்காலமாயிற்று. அது தெரிந்த விதத்தைப் பின்னர்க் கூறுகிறேன்.

பேத்தியின் வினாவுக்கு நேரான விடை ஆதிபுராணத்தில் உள்ளது. விருஷபநாதர் முற்பிறவி ஒன்றில் வஜ்ரஜங்கன் என்னும் அரசராக இருந்தார். அவரும் அவர் மனைவி ஸ்ரீமதியும் வழிப்பயணத்தில் காட்டிடையே தங்கியபோது, சாரண முனிவர் இருவர் ஆகாரத்திற்கு எழுந்தருளினர். அரசனும் அரசியும் முறைப்படி ஆகார தானம் செய்தனர். அதனை நான்கு விலங்குகள் பார்த்துக்கொண்டிருந்தன: ஒரு புலி, ஒரு பன்றி, ஒரு குரங்கு, ஒரு கீரி. அவை ஒன்றையொன்று அஞ்சாமலும் தாக்காமலும் அமைதியாய் முனிவரையே நோக்கி அமர்ந்திருந்தன. புலி முற்பிறவியில் சினத்தாலும், பன்றி செருக்காலும், குரங்கு வஞ்சனையாலும், கீரி பேராசையாலும் அவ்வுடல்களை எய்தியவை. நாம் 27ஐப் பெருக்கிய அந்த நான்கு கஷாயங்களே நான்கு உருவில் வந்து அமர்ந்திருந்தன எனலாம். அவற்றுக்குக் கொடுக்கக் கையில்லை. போற்றிக் கூற மொழியில்லை. கண்டு மகிழும் உள்ளம் ஒன்றே இருந்தது. அவ்வனுமோதனையின் பயனால், தானம் செய்த அவ்விருவரும் எய்திய போகபூமியையே அவையும் எய்தின. ஒரு கவளமும் கொடாதவை கொடுத்தவர்களோடு ஒரே நிலத்தில் பிறந்தன.

இக்கதையைக் கேட்டதும் பேத்திக்கு மிக்க மகிழ்ச்சி. "அப்படியானால் சும்மா பார்த்தாலே போதும்" என்றாள். அவ்வாறு முடித்துவிடக்கூடாதென்று தந்துல மத்ஸ்யத்தின் கதையையும் சொன்னேன். தந்துலம் என்றால் அரிசி. சுயம்பூரமணக் கடலில் ஆயிரம் யோசனை நீளமுள்ள பெருமீன் ஒன்று வாயைத் திறந்தபடி உறங்கும். எண்ணற்ற சிறுமீன்கள் அதன் வாய்க்குள் புகுந்து வெளியேறும். அதன் செவியில் அரிசியளவே ஆன ஒரு மீன் வாழ்கிறது. அது, "இவ்வளவு பெரிய வாய் எனக்கிருந்தால் ஒன்றையும் தப்பவிட மாட்டேனே!" என்று எண்ணிக்கொண்டேயிருக்கும். ஒரு மீனையும் தின்னாத அது ஏழாம் நரகத்தை அடைகிறது. இக்கதை அனுமோதனைக்கு நேர் எடுத்துக்காட்டன்று; அங்குப் பெருமீன் செய்யாத ஒன்றையே சிறுமீன் விரும்புகிறது. எனினும், செய்யாத கைக்கும் வினை உண்டு என்பதைக் குழந்தைகள் மனத்தில் பதிப்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைத்ததில்லை.

குறளில் புலால் மறுத்தல் அதிகாரத்தின் ஆறாம் பாட்டும் (256) இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. உண்பதற்கென்று வாங்குவோர் உலகில் இல்லையாயின், விற்பதற்கென்று கொல்வோரும் இல்லை என்னும் கருத்தை அது கூறுகிறது. "நான் கொல்லவில்லை, வாங்கித்தானே உண்கிறேன்" என்று கையை விரிப்பவனை அங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறார் ஆசிரியர். 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்த நீலகேசியிலும் இவ்வழக்கு பௌத்தரோடு நீண்டு நடப்பதைக் காணலாம். ஈண்டு விரிக்கின் பெருகும்.

நான் கூற விரும்புவது மற்றொன்று. உடன்பாட்டை எதனால் அறிவது? வாயால் 'சரி' என்றால்தானா? தலையசைத்தாலா? ஒன்றும் கூறாமல் இருந்தாலுமா? மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்னும் வழக்கு நம் நாட்டில் உண்டு. கரந்தை முனிகிரியில் நம்மவர் நினைவைப் போற்றிவரும் அகளங்கர், தம் ராஜவார்த்திகத்தில் மேற்சொன்ன எட்டாம் சூத்திரத்தை விளக்கும்போது இதற்கொரு சான்று காட்டுகிறார். மௌன விரதம் பூண்டவன் ஒருவன், கண்ணுடையவன், தன் முன்னே ஒரு செயல் நடப்பதைக் காண்கிறான், தடுக்காமல் ஏற்றுக்கொள்கிறான். அவன் உடன்பட்டவனே என்கிறார் அவர். கண்ணுடையவன் என்று கூறியதை நோக்குக. காணாதவனுக்கு இவ்வழக்கில் இடமில்லை, கண்டவனுக்கே உண்டு. விரதத்தின் பெயரால் வாய் மூடியிருந்தாலும் அவன் தப்பவில்லை என்பது இதன் கடுமை.

இனி என் செய்தி. 1979ஆம் ஆண்டு, நான் பணியில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி. கணக்கில் அவளுக்கிருந்த கூர்மை எனக்கு இல்லை, நான் பலகையில் பிழை செய்தால் எழுந்து நின்று, என் மனம் நோகாதபடி, "இன்னொரு முறை பார்க்கலாமா டீச்சர்?" என்பாள். அவள் தந்தை மணிலா பயிரிடும் சிறு விவசாயி, நம்மவர், ஆலயத்தில் அடிக்கடி காண்பவர். ஒரு நாள் மாலை பள்ளி வாயிலில் நின்றுகொண்டிருந்தார். பெண்ணுக்கு ஓர் இடம் வந்திருக்கிறது, நிலமும் கிணறும் உண்டு, முழு ஆண்டுத் தேர்வுவரை பொறுக்க மாட்டோம் என்கிறார்கள் என்றார். பிறகு, "நீங்கள் என்ன சொல்கிறீர்கள் டீச்சரம்மா?" என்று கேட்டார்.

பெண்ணின் திருமண வயதைப் பதினெட்டாக உயர்த்திய சட்டத் திருத்தம் அதற்கு முந்தைய ஆண்டு, 1978இல்தான் வந்திருந்தது. அது எனக்குத் தெரியும். ஆசிரியர் கூட்டத்தில் பேசியிருந்தோம். அவரோ கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, வீட்டில் கைக்குழந்தை. "உங்கள் பெண்; உங்கள் விருப்பம். நல்ல இடமாகத்தான் தெரிகிறது" என்று கூறிவிட்டுப் புறப்பட்டேன். அடுத்த திங்கள்முதல் அவள் இருக்கை காலியாக இருந்தது. திருமணத்திற்கும் சென்றேன், அட்சதை தூவினேன், உணவு உண்டு வந்தேன்.

நான் அத்திருமணத்தைச் செய்யவில்லை, செய்விக்கவும் இல்லை. எனவே என் கணக்கில் ஒன்றுமில்லை என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். மகிழ்ச்சிகூட எனக்கு இருக்கவில்லை என்பதால், அது அனுமோதனையும் ஆகாது என்று சமாதானம் கூறிக்கொண்டேன். அனுமதம் என்னும் சொல்லை அப்போது நான் பிரித்துப் பார்த்திருக்கவில்லை.

2001இல் வந்தவாசிப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண்மணி என் கையைப் பிடித்தாள். தோற்றத்தால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. "டீச்சர்" என்று அழைத்த குரலால் தெரிந்தது. அருகில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி; அவள் மகள். கணவர் இறந்து தந்தை வீட்டிலேயே இருப்பதாகக் கூறினாள். பேச்சினிடையே, சிறிதும் கோபமின்றி, "அன்று நான் மூன்று நாள் சாப்பிடாமல் அழுதேன் டீச்சர். 'டீச்சரே நல்ல இடம் என்று சொல்லிவிட்டார்கள், இனி என்ன?' என்றார் அப்பா. அதன்பிறகு அழவில்லை" என்றாள். அவள் குறை கூறுவதற்காக அதனைச் சொல்லவில்லை. என் சொல்லுக்கு அவள் கொடுத்த மதிப்பைக் கூறினாள்; அவ்வளவே. நான் ஏறவேண்டிய பேருந்து கண்ணெதிரே சென்றது.

அன்று மாலை சாமாயிகத்தின்பின் பிரதிக்கிரமணம் சொல்லும்போது 'சமணுமண்ணிதோ' என்னும் இடத்தில் என் நா நின்றுவிட்டது. எட்டு வயதில் கற்ற சொல்லின் பொருள் ஐம்பதை நெருங்கும் வயதில் தெரிந்தது.

என் தந்தைவழிப் பாட்டனாரை அப்போது நினைத்துக்கொண்டேன். சிராவகனுக்குரிய பதினொரு படிநிலைகளில் பத்தாவது அனுமதித் தியாகம். ரத்தினகரண்டகத்தையோ தமிழில் அதன் வழிவந்த அருங்கலச்செப்பையோ எடுத்துப் பதினொன்றின் வரிசையைப் பாருங்கள். எட்டாம் படியில் தொழிலை விடுகிறான். ஒன்பதாம் படியில் பொருளை விடுகிறான். அவை இரண்டும் போனபின்னரே, பத்தாம் படியில், உலகியல் செயல்களுக்கு உடன்பாடு கூறுவதை விடுகிறான். கையிலிருந்து ஏர் போய்விட்டது; பெட்டியிலிருந்து பணம் போய்விட்டது; நாவிலிருந்து 'சரி' போவதற்குத்தான் இத்தனை காலம் ஆகிறது. என் பாட்டனார் தம் கடைசி ஆண்டுகளில் அப்படிநிலையை ஏற்றிருந்தார். நிலம் விற்பது பற்றி என் தந்தை கேட்டால் பதில் கூறமாட்டார். உணவில் உப்பு மிகுந்தாலும் குறைந்தாலும் நன்று தீது சொல்லமாட்டார். சிறுமியான எனக்கு அது கோபம் போலவே தோன்றியது. ஒரு முறை தந்தை, "மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டுவிட்டார். அதற்கு மட்டும் பாட்டனார், "எடுத்துக்கொள்ளாதே; நான் கேட்கவேயில்லை என்று எடுத்துக்கொள்" என்றார். அகளங்கர் கூறிய கண்ணுடைய மௌனிக்கும் என் பாட்டனாருக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு விடையில் இருந்தது. பத்தாம் படியில் நின்றவருக்கு அது தகும். முதற்படியிலேயே தடுமாறும் என்னைப் போன்றவள், பள்ளி வாயிலில் நின்று, "உங்கள் விருப்பம்" என்று கூறியது எந்தப் படியையும் சேர்ந்ததன்று.

பேருந்து நிலையத்தில் அவள் என் கையைப் பிடித்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்தாள். தாயைப் போலவே கணக்கில் வல்லவள். பாட்டனார், அதாவது அன்று என்னைக் கேட்ட அதே தந்தை, "படித்தது போதும்" என்று கூறத் தொடங்கியிருந்தார். "நீங்கள் ஒரு முறை வந்து பேசினால் கேட்பார் டீச்சர். உங்கள் சொல்லைத்தான் கேட்பார்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்றேன். முதியவர் திண்ணையில் மணிலாக் காய் உடைத்துக்கொண்டிருந்தார். மோர் கொடுத்தார்கள். ஊர்ச்செய்தி பேசினோம். பின்னர் அவர் முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கேட்ட அதே வினாவை, அதே சொற்களில் கேட்டார். நான் ஒரு மணி நேரத்திற்கு மேல் பேசினேன். செலவுக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முறையைச் சொன்னேன். நாள்தோறும் சென்றுவரப் பேருந்து உண்டா என்று அவர் கேட்டதற்கு நேரத்தோடு பதில் கூறினேன். 1979இல் நான் சொன்னது தவறு என்றும் சொன்னேன். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அன்றைக்கு நானும் அதைத்தான் கேட்க விரும்பினேன் டீச்சரம்மா. வேண்டாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் வந்தேன்" என்றார்.

அப்பெண் அவ்வாண்டே செய்யாற்றில் கல்லூரியில் சேர்ந்து கணிதம் படித்தாள். முதல் நாள் காலை பேருந்துக்காக அவள் நின்றபோது, அவள் தாயும் பாட்டனாரும் உடன் நின்றார்கள். நானும் சென்று சற்றுத் தள்ளி நின்றேன்.